அளந்துவிடும் மூச்சு

நுழையும்முன்

மூச்சுப் பயிற்சி என்றதும், 'எவ்வளவு நேரம் அடக்க முடியும்?' என்னும் வினாவே பலருக்கும் முதலில் எழுகிறது. யோக நூல்களும் சரி, உடலியலும் சரி, தொடங்குபவரிடம் அவ்வினாவைக் கேட்பதில்லை. எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அமைதியாக வெளிவிட முடிகிறது என்றே கேட்கின்றன. இவ்விரு வினாக்களுக்கும் இடையிலுள்ள தொலைவை, நாடிசுத்தி என்னும் எளிய பயிற்சியை முன்வைத்து இக்கட்டுரை பேசுகிறது.

கிணற்றடிப் பந்தயம்

கோடை விடுமுறை தொடங்கியதும் ஊர்க் கிணறுகளின் குரல் மாறிவிடுகிறது. மோட்டாரின் இரைச்சல் ஓய்ந்த பிற்பகலில் சிறுவர்களின் கூச்சல் கிணற்றுச் சுவர்களில் மோதி எதிரொலிக்கிறது. மேட்டிலிருந்து குதித்தல், குட்டிக்கரணம் அடித்தல், நீருக்குள் தொட்டு விளையாடுதல் எல்லாம் சலித்தபின் கடைசியாக வருவது மூச்சடக்கும் பந்தயம். யார் அதிக நேரம் முங்கியிருக்கிறார் என்று மேலே நிற்பவன் எண்ணத் தொடங்குகிறான். எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டும்போது கூச்சல் தானாக அடங்குகிறது. வெல்ல விரும்புபவன் முங்குவதற்குமுன் பத்துப் பதினைந்து முறை வேகவேகமாக மூச்சை இழுத்து விடுகிறான். நெஞ்சு நிறையக் காற்றைச் சேர்த்து வைத்துக்கொள்வதாக அவனுக்கு எண்ணம். அண்ணன்மார் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறான், அவனும் செய்கிறான்.

அந்த எண்ணத்தில் ஒரு பிழை இருக்கிறது. சில வேளைகளில் அது உயிரையே விலையாகக் கேட்கும் பிழை. கிணற்றுக்கு வெளியே, பாய்விரித்து அமர்ந்து மூச்சுப் பயிற்சி செய்வோரிடமும் அதே பிழை வேறு உருவில் காணப்படுகிறது. வேகமாக இழுத்தால் நிறைய உயிர்வளி கிடைக்கும், நிறைய அடக்கினால் நிறைய நன்மை விளையும் என்று நம்பி, முதல் வாரத்திலேயே தலைசுற்றலும் படபடப்பும் கண்டு, 'இது நமக்கு ஒத்துவராது' என்று விட்டுவிடுவோர் பலர். விட்டவர்கள்கூடத் தப்பித்தவர்களே. விடாமல் வலிந்து செய்பவர்களைப் பற்றித்தான் பழைய நூல்கள் கவலைப்பட்டன.

தமிழ் அறிந்த மூச்சு

மூச்சைக் குறித்துத் தமிழுக்கு நுட்பமான பட்டறிவு உண்டு. உயிர்த்தல் என்னும் வினை ஒன்றே மூச்சுவிடுதலையும் உயிரோடிருத்தலையும் குறிக்கிறது. ஒரே மூச்சில் வேலையை முடிப்பவர் இருக்கிறார். இரகசியத்தைப் பற்றி மூச்சுவிடாதவர் இருக்கிறார். கவலை தீர்ந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுபவர் இருக்கிறார். கவலை தீரும்போது மூச்சு நீண்டு வெளியேறுகிறது என்பதை உடலியல் ஆய்வகம் சொல்வதற்கு முன்பே வழக்குமொழி சொல்லிவிட்டது.

தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது, உந்தியிலிருந்து எழும் காற்றையே ஒலியின் தொடக்கமாகக் கொள்கிறது. அக்காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது. காற்று நெஞ்சிலிருந்து எழுவதாகச் சொல்லாமல் உந்தியைக் காட்டியது கருதத்தக்கது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசையே மூச்சின் முதன்மைத் தொழிலாளி. அது கீழிறங்கும்போது வயிறு முன்தள்ளுகிறது. மேலேறும்போது வயிறு உள்ளடங்குகிறது. தொட்டிலில் உறங்கும் குழந்தையின் வயிற்றைப் பார்த்தாலே இது விளங்கும். வளர்ந்தபின் பலர் வயிற்றை இறுக்கி, தோளை உயர்த்தி, மார்பின் மேற்பகுதியால் மட்டும் மூச்சுவிடப் பழகிவிடுகிறார்கள்.

மாத்திரை என்னும் கால அளவும் இங்கு நினைக்கத்தக்கது. இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் இலக்கணம் மாத்திரையின் அளவாக வகுத்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படிக்கும் அதே சொல்லைத்தான் யோகியரும் மூச்சை அளக்கக் கையாண்டனர். பாட்டை அளந்த கோலும் மூச்சை அளந்த கோலும் ஒரே பெயரைத் தாங்கியிருப்பது வியப்பன்று. செய்யுளைச் சொல்பவருக்கும் வேண்டியது மூச்சின் கணக்குத்தானே!

யோக நூல்களின் மற்றொரு கணக்கு, மனிதர் ஒரு நாளில் 21,600 முறை மூச்சுவிடுகிறார் என்பது. நாழிகை ஒன்றுக்கு 360. நாளுக்கு 60 நாழிகை. இன்றைய கணக்கில் அது நிமிடத்துக்கு 15. ஓய்வாக இருக்கும் நலமான பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கடிகாரம் கையில் இல்லாத காலத்தில் எண்ணியவர்கள் அந்த எல்லைக்குள்ளேயே நின்றிருக்கிறார்கள். தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையை வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்றும் அவை ஒரு நாளின் மூச்சுகளைக் குறிப்பன என்றும் வழங்கும் மரபு, இக்கணக்கு எவ்வளவு தூரம் மக்களிடம் பரவியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

துள்ளும் புரவி

மூச்சுப் பயிற்சியைத் தமிழில் விரிவாகப் பேசிய பெருநூல் திருமந்திரம். பன்னிரு திருமுறைகளுள் பத்தாவதாக வைக்கப்பட்ட அந்நூலின் மூன்றாம் தந்திரம் எண்வகை யோக உறுப்புகளை விளக்குகிறது. பிராணாயாமம் அவற்றுள் ஒன்று. மூச்சை உள்ளிழுத்தல் பூரகம், நிறுத்தல் கும்பகம், வெளிவிடுதல் இரேசகம் எனப்படும். இம்மூன்றுக்கும் திருமூலர் முறையே 16, 64, 32 மாத்திரைகளை அளவாகக் கூறுகிறார்.

இந்த எண்கள்தாம் பலரையும் மயக்கிவிட்டன. மூன்றையும் கூட்டினால் 112. மாத்திரை ஒன்றை ஒரு நொடியாகக் கொண்டால் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் ஆகிறது. ஒரு மணித்துளிக்குப் பதினைந்து முறை மூச்சுவிடும் உடலை அந்நிலைக்கு ஒரே வாரத்தில் கொண்டுசெல்ல முயல்வது, மிதிவண்டி ஓட்டப் பழகும் நாளிலேயே மலைப்பாதையில் இறங்குவது போன்றது. திருமூலரின் எண்கள் ஆசிரியரின் அருகிலிருந்து பல்லாண்டுகள் பயின்றவருக்குரியவை. ஒழுக்க நெறிகளும் இருக்கை முறையும் கைவந்தபின் எட்டவேண்டிய படி அது. நூலின் வரிசையே அதைச் சொல்கிறது. எண்ணை மட்டும் பிய்த்தெடுப்பவர்க்கு வரிசை தெரிவதில்லை.

எண்ணைவிட ஆழமானது திருமூலர் கையாளும் உவமை. மூச்சை அவர் குதிரையாகக் காண்கிறார். பறவையினும் விரைந்து செல்லும் அக்குதிரையில் ஏறியவர்க்குக் கள்ளுண்ணாமலே களிப்பு உண்டாகும், சோம்பல் நீங்கும் என்கிறார். மற்றோர் இடத்தில் அதே குதிரையின் மறுபக்கத்தையும் காட்டுகிறார். உண்மையானவருக்கு அது பிடிகொடுக்குமாம். பொய்யரைத் துள்ளி வீழ்த்திவிடுமாம். குதிரை ஏறியவர்க்குத் தெரியும், கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தால் விலங்கு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்று. தளர்வும் பிடிப்பும் அறிந்த கைக்கே அது அடங்கும். மூச்சை ஒரு பொருளாக, சேர்த்து வைக்கத்தக்க செல்வமாக எண்ணாமல், தனக்கென ஒரு விருப்பமுள்ள உயிராக எண்ணிய இவ்வுவமை, எந்த எச்சரிக்கைப் பலகையையும்விடத் தெளிவானது.

ஏறத்தாழப் பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் வடமொழியில் இயற்றிய அடயோகப் பிரதீபிகையும் இதே கருத்தை வேறு விலங்குகளைக் காட்டிச் சொல்கிறது. சிங்கம், யானை, புலி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குவதுபோல மூச்சையும் பழக்கவேண்டும்; தவறினால் அது பயில்பவரையே அழிக்கும் என்பது அதன் கருத்து. முறையாகச் செய்தால் நோய் தீரும் என்று சொன்ன கையோடு, முறை தவறினால் விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி முதலியவை வரும் என்று அந்நூல் பட்டியலிடுகிறது. தான் போற்றும் பயிற்சியின் தீமையையும் மறைக்காமல் எழுதிய அந்த நேர்மையை இன்றைய விளம்பரங்களில் காண்பது அரிது.

அளவுகருவியின் முன்

இருபதாம் நூற்றாண்டில் யோகம் ஆய்வகத்துக்குள் நுழைந்தது. 1935இல் தெரேசு புரோசு என்னும் பிரெஞ்சு இதய மருத்துவர் இந்தியாவுக்கு வந்து, இதயத்தையே நிறுத்தவல்லவர்கள் எனப் பேசப்பட்ட யோகியரைத் தம் கருவிகளால் அளந்தார். அப்பதிவுகள் உலகின் ஆவலைத் தூண்டின. 1957இல் வெங்கர், பாக்சி என்னும் இருவர் அமெரிக்காவிலிருந்து வந்து ஊர் ஊராகச் சென்று யோகியரைச் சந்தித்தனர். தில்லியைச் சேர்ந்த உடலியல் அறிஞர் ஆனந்த் என்பாருடன் இணைந்து 1961இல் அவர்கள் வெளியிட்ட முடிவு எளிமையானது. நாடித்துடிப்பு விரலுக்குத் தட்டுப்படாமற் போனதும், இதய ஒலி கேளாமற் போனதும் உண்மை. ஆனால், மின்பதிவில் இதயம் தொடர்ந்து துடித்துக்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கி, தொண்டையை மூடி, மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது மார்பறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதனால் இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைந்து நாடி மெலிகிறது. இத்தாலிய உடற்கூற்றியலாளர் வால்சால்வாவின் பெயரால் மருத்துவம் இச்செயலை அறிந்திருக்கிறது.

இக்கண்டுபிடிப்பை யோகத்துக்கு நேர்ந்த இழுக்காகக் கருதவேண்டியதில்லை. மூச்சை இறுக்கி அடக்குவது இதயத்தையும் குருதி ஓட்டத்தையும் எவ்வளவு கடுமையாகத் தாக்கும் என்பதை அது மெய்ப்பித்தது. பயின்றவர் உடலில் வியப்பாகத் தோன்றிய அதே நிகழ்ச்சி, குருதி அழுத்தம் மிகுந்தவர் உடலில் தீங்காக முடியலாம். அடக்கிய மூச்சை விடும்போது குருதி அழுத்தம் திடீரென ஏறுவதும் உண்டு.

புரோசு வருவதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, மராட்டிய மாநிலத்து இலோனாவாலாவில், சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமம் என்னும் ஆய்வு நிலையத்தை நிறுவியிருந்தார். 1883இல் பிறந்த அவர், யோகப் பயிற்சிகளைக் கதிர்ப்படக் கருவியாலும் அழுத்தமானியாலும் ஆராய்ந்து, 'யோக மீமாம்சை' என்னும் இதழில் வெளியிட்டார். யோகத்தின் மீது பெரும்பற்றுக் கொண்டிருந்த அவர்தாம், பிராணாயாமத்தால் உயிர்வளி மிகுதியாகக் கிடைக்கிறது என்ற பரவலான நம்பிக்கையை அளந்து பார்த்து மறுத்தவர். ஒரு சுற்றுக்கு உள்ளே செல்வது மிகுதிதான். நிமிடக் கணக்கில் பார்த்தால் இயல்பான மூச்சைவிட அது மிகுதியன்று என்பது அவர் கண்ட முடிவு. பற்று அளவுகருவியின் குறிமுள்ளைத் திருத்தாமல் இருந்தது பெரிய செய்தி.

அவர் சொன்னது ஏன் சரி? கொரோனாக் காலத்தில் வீடுதோறும் விரல் நுனியில் மாட்டிப் பார்த்த சிறு கருவியை நினைத்துப் பார்த்தால் போதும். நலமானவர் சும்மா அமர்ந்திருக்கும்போதே அது 95க்கு மேல் காட்டியது. குருதியின் ஹீமோகுளோபின் உயிர்வளியால் ஏறக்குறைய நிறைந்தே இருக்கிறது என்பது அதன் பொருள். நிறைந்த குடத்தில் வேகமாக நீர் ஊற்றுவதால் குடம் பெரிதாகிவிடாது. மாறாக, வேகமூச்சு வேறொன்றை வாரி வெளியேற்றுகிறது. அது கரியமில வாயு. கழிவு என்று பாடத்தில் படித்த அவ்வாயு, குருதியில் ஓர் அளவுக்கு இருந்தாகவேண்டும். அந்த அளவு சட்டென்று குறைந்தால் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது, விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போன்ற உணர்வு தோன்றுகிறது. இதனை ஆற்றல் எழும்புவதாக எண்ணி மகிழ்பவர்களும் இருக்கிறார்கள்.

கிணற்றுச் சிறுவனின் பிழையும் இங்கேயே விளங்கிவிடுகிறது. 'போதும், மூச்சுவிடு' என்று உடல் தவிப்பது பெரும்பாலும் உயிர்வளி குறைவதால் அன்று. கரியமில வாயு சேர்வதால்தான். அதுவே எச்சரிக்கை மணி. முங்குவதற்குமுன் வேகவேகமாக மூச்சுவிட்டவன் அந்த மணியின் நாவைக் கழற்றிவிட்டுத்தான் நீருக்குள் போகிறான். தவிப்பு வரவேண்டிய நேரத்தில் வருவதில்லை. உயிர்வளி மட்டும் குறைந்துகொண்டே போகிறது. எந்தத் துன்பமும் உணராமல், நீருக்கடியிலேயே அவன் நினைவிழக்கிறான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இவ்வாறு இறந்துபோகிறார்கள். மேலே எண்ணிக்கொண்டிருப்பவன், நண்பன் வென்றுகொண்டிருப்பதாக நினைத்து இன்னும் எண்ணிக்கொண்டே இருப்பான்.

மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாக முத்துக்குளித்தவர்கள் மூச்சடக்கலையே பிழைப்பாகக் கொண்டவர்கள். கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்குச் சென்று ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி சேர்த்து மேலே வந்தார்கள். அவர்களும் தனியே முங்கியதில்லை. இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படகில் ஒருவர் கண்கொட்டாமல் பிடித்திருந்தார். கயிறு அசைந்த கணத்தில் இழுத்தார். மூச்சை நன்கு அறிந்தவர்கள் அதனிடம் காட்டிய அச்சம் அது.

ஆறு மூச்சின் அமைதி

வேகமும் அடக்கலும் இல்லையென்றால், பயன் எங்கிருந்து வருகிறது? மெதுவிலிருந்து வருகிறது. ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். இயல்பான ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே செல்கிறது. அதில் சுமார் 150 மில்லிலிட்டர் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் தங்கித் திரும்பிவிடுகிறது, குருதியைச் சந்திப்பதில்லை. நிமிடத்துக்கு 12 முறை இவ்வாறு மூச்சுவிட்டால், உள்ளே வந்த 6 லிட்டரில் 4.2 லிட்டர் பயன்படுகிறது. பதற்றத்தில் 250 மில்லிலிட்டராக 24 முறை மேலோட்டமாக மூச்சுவிட்டாலும் உள்ளே வருவது அதே 6 லிட்டர்தான், பயன்படுவதோ 2.4 லிட்டர். ஒரு லிட்டராக 6 முறை மட்டும் மெதுவாக இழுத்துவிட்டால் 5.1 லிட்டர் பயன்படுகிறது. உடல் உழைப்பதும் குறைகிறது.

நுரையீரலோடு நின்றுவிடும் செய்தியன்று இது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்றே விரைகிறது. வெளிவிடும்போது சற்றே தாழ்கிறது. மணிக்கட்டில் விரல்வைத்து நீண்ட மூச்சுவிட்டுப் பார்க்கும் எந்த மாணவரும், குறிப்பாக இளம் வயதில், இதைத் தாமே உணரலாம். மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கி இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் செயல் அது. வெளிமூச்சு நீளும்போது அந்நரம்பின் ஆட்சி நீள்கிறது. திருமூலரின் கணக்கிலும் உள்மூச்சைப்போல் இருமடங்காக வெளிமூச்சு அமைந்திருப்பதை இங்கே ஒப்பிட்டுக் காணலாம்.

2001இல் இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் ஒரு புதுமையான ஒப்பீட்டைச் செய்தனர். நலமான 23 பேரை, ஒருமுறை செபமாலை வேண்டுதலை இலத்தீன் மொழியிலும், மற்றொருமுறை யோக மந்திரம் ஒன்றையும் சொல்லச் செய்து, அவர்களின் இதயத் துடிப்பையும் குருதி அழுத்தத்தையும் பதிவுசெய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகத் தானாகவே குறைந்தது. அந்த அளவில் இதயமும் குருதிக் குழாய்களும் ஒன்றோடொன்று இசைந்து இயங்கின. வெவ்வேறு சமயங்களின் இரு வழிபாடுகள் ஒரே மூச்சளவைக் கண்டடைந்திருக்கின்றன. வாய்விட்டு ஓதுவதை வெறும் சடங்கு என்று ஒதுக்கியவர்களும், தம் ஓதலே உயர்ந்தது என்று வாதிட்டவர்களும் நின்று படிக்கவேண்டிய ஆய்வு அது.

நாடிசுத்தி இந்த மெதுமையை மூக்கின் வழியே பழக்கும் முறை. இடநாசியின் ஓட்டத்தை இடகலை என்றும் வலநாசியின் ஓட்டத்தைப் பிங்கலை என்றும் யோகியர் வழங்கினர். இரு நாசிகளும் எப்போதும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை, ஓட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது என்பதைக் கவனித்து, சரம் பார்த்தல் என்னும் ஒரு கலையையே வளர்த்தனர். செருமானிய மருத்துவர் கைசர் 1895இல் இம்மாற்றத்தை மருத்துவ உலகுக்கு எழுதினார். மூக்கின் உட்சவ்வு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்கிறது. கவனிப்பு உண்மையானது. அதை வைத்துப் பயணத்துக்கும் வழக்குக்கும் நற்பலன் கணித்ததை அறிவியலோடு சேர்த்துப் பார்க்கவேண்டியதில்லை.

மூக்கின் வழியே மூச்சுவிடுவதன் நன்மைகளுக்கோ குறைவில்லை. காற்றை அது வடிகட்டுகிறது, வெதுவெதுப்பாக்குகிறது, ஈரப்படுத்துகிறது. மூக்கைச் சூழ்ந்த எலும்பறைகளில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. குருதிக் குழாய்களை விரிக்கும் இயல்புடையது அது. வாயை மூடி வண்டுபோல் முரலும்போது மூக்கிலிருந்து வெளிவரும் இவ்வாயு பதினைந்து மடங்கு பெருகியதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002இல் கண்டனர். வண்டின் பெயரால் வழங்கும் பிராமரி என்னும் பயிற்சி இம்முரல்தலையே அடிப்படையாகக் கொண்டது.

பழகும் முறை

நாடிசுத்திக்குப் பெரிய ஆயத்தம் எதுவும் வேண்டியதில்லை. உணவுண்டு மூன்று மணி நேரமாவது கழிந்திருக்கவேண்டும். காலை வேளை சிறந்தது. விளக்கு வைக்கும் நேரமும் பொருந்தும். காற்றோட்டமுள்ள இடத்தில் காலை மடித்து அமரலாம். மூட்டுவலி உள்ளவர் நாற்காலியில் அமர்வதில் பிழையில்லை. முதுகு நிமிர்ந்திருக்கவேண்டும், விறைத்திருக்கக்கூடாது. வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் உள்ளங்கைப் பக்கம் மடித்துக்கொண்டு, பெருவிரலால் வலநாசியை மென்மையாக மூடி, இடநாசியால் மூச்சை இழுக்கவேண்டும். பிறகு மோதிர விரலால் இடநாசியை மூடி, வலநாசியைத் திறந்து வெளிவிடவேண்டும். அதே வலநாசியால் இழுத்து இடநாசியால் விட்டால் ஒரு சுற்று நிறைவுறும். விரல் மூக்கை அழுத்திக் கோணலாக்குவது தொடங்குவோர் எல்லாரும் செய்யும் தவறு. பூவைத் தொடும் அழுத்தம் போதும்.

முதல் சில வாரங்களுக்கு இழுப்பதும் விடுவதும் நான்கு நான்கு எண்ணிக்கையாக இருக்கட்டும். அது இயல்பானபின் விடுவதை ஆறாக நீட்டலாம். நான்கும் ஆறும் பத்து. எண்ணிக்கை நொடிக்கு ஒன்றாக இருந்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஆய்வகம் கண்ட அளவு அதுவே. ஐந்து நிமிடம் போதும். நடுவே நிறுத்துதல் இல்லை. கும்பகத்தைப் பற்றித் தொடக்கநிலை மாணவர் எண்ணவே வேண்டாம். தேர்ந்த ஆசிரியர் நேரில் இருந்து கற்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

குருதி அழுத்தம், இதய நோய், வலிப்பு, கண் நீரழுத்த நோய், குடலிறக்கம் ஆகியவை உள்ளவர்களும், கருவுற்றவர்களும், அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்களும் மூச்சை அடக்குவதையும், கபாலபாதி, பஸ்திரிகை போன்ற வேகப் பயிற்சிகளையும் தவிர்ப்பதே நன்று. அடக்கலின்றி மெதுவாகச் செய்யும் நாடிசுத்தி பெரும்பாலோர்க்கு ஏற்றது. எனினும் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத் தொடங்குவதில் இழப்பில்லை. நலமாக இருந்தவருக்கும் வேகப் பயிற்சி தீங்கு செய்ததுண்டு. கபாலபாதியை அளவு மீறிச் செய்த இளம்பெண் ஒருவருக்கு நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குள் காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்கிய நிகழ்வை, 2004இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்திருக்கிறது. அரிய நிகழ்வுதான். ஆனாலும் நூறு, இருநூறு என்று எண்ணிக்கை கூட்டிப் பந்தயம் வைப்போர் அதை அறிந்திருக்கவேண்டும்.

ஈளை நோய்க்கு உறிஞ்சும் மருந்தையோ, குருதி அழுத்தத்துக்கு மாத்திரையையோ, மூச்சுப் பயிற்சியை நம்பி நிறுத்தக்கூடாது. பயிற்சி மருந்துக்குத் துணை, மாற்று அன்று. சளிபிடித்து மூக்கடைத்திருக்கும் நாளில் ஒற்றை நாசியால் வலிந்து இழுக்கவேண்டாம். இரு நாசிகளாலும் மெதுவாக மூச்சுவிட்டாலே போதும். பயிற்சியின்போது தலைசுற்றலோ, நெஞ்சில் இறுக்கமோ, காதில் இரைச்சலோ தோன்றினால் உடனே விரலை எடுத்துவிட்டு இயல்பாக மூச்சுவிடவேண்டும். வாகனம் ஓட்டும்போதும் நீரில் இருக்கும்போதும் எந்த மூச்சுப் பயிற்சியும் கூடாது.

சரியாகச் செய்கிறோமா என்று ஐயுறுபவர்க்கு ஒரு சிறு சோதனை உண்டு. மெல்லிய பஞ்சுத் துணுக்கு ஒன்றை மூக்கின் முன்னே ஒரு சாண் தொலைவில் பிடித்துக்கொண்டு மூச்சை வெளிவிட்டுப் பார்க்கலாம். தொடக்கத்தில் அது படபடக்கும். சில வாரங்கள் சென்றபின், ஆறு எண்ணி முடிக்கும்வரை காற்று போய்க்கொண்டே இருக்கும், பஞ்சு அசையாது.